கல்பாசி கொடுத்த வாக்குமூலம்

நம்பணுமா வேண்டாமான்னு எங்க எஸ்டேட்டுல யாரும் உக்காந்து யோசிக்கல, ஏன்னா அன்னிக்குத் தை மாசத்து முதல் ஞாயித்துக்கிழமை, அடுப்புல கறி பாதி வெந்துக்கிட்டிருந்துச்சு, மசாலாவுக்குக் கல்பாசி மட்டும்தான் பாக்கி, அதைச் சுரண்டறதுக்காகக் கரண்டியை எடுத்துக்கிட்டுப் பாறைகிட்டப் போன சவுந்தரியைப் பாத்துக் கல்பாசி வாயைத் தொறந்து "நாங்க"ன்னு சொல்லுச்சு.

சவுந்தரி கரண்டியை எறக்கல. "நாங்கன்னா?"ன்னு கேட்டா. பாசி அதுக்கப்புறம் ஒண்ணும் பேசல. பாறை இடுக்குல இருந்து ஒரு தவளை, கட்டைவிரல் அளவு, பாசியோட அதே சாம்பல் பச்சை, தொண்டையைச் செருமிக்கிட்டு வெளிய வந்து, "அது வாரத்துக்கு ஒரு வார்த்தைதான் பேசும், மிச்சத்தைக் கேக்கணும்னா அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு வாங்க, அவசரம்னா என்னைக் கேளுங்க, எனக்கு எல்லாம் தெரியும்"னு சொல்லுச்சு. சவுந்தரி வீட்டுக்குள்ள போனா, கல்பாசி போடாமலே கறியை எறக்கினா, அப்புறம் பக்கத்து வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரி தெய்வானைகிட்ட, "அக்கா, இன்னிக்குப் பாறைப் பக்கம் போகாதீங்க, பாசி பேசிக்கிட்டிருக்கு"ன்னா.

"பேசி முடிச்சதும் சொல்லு. எனக்கு ரெண்டு கொத்து வேணும்."

எங்க எஸ்டேட்டுக்குப் பேரு மூணுகல்மேடு. நாப்பதாவது வளைவுக்கும் மேல, மேகம் வந்தா வாசக்கதவைச் சாத்தற உயரத்துல, ஒரே வரிசையா எட்டு வீடு இருக்கற லயம் எங்களுது, லயத்தோட கடைசியில லாரியைத் தூக்கி நட்டுவெச்ச மாதிரி ஒரு பாறை, அந்தப் பாறை முழுக்கக் கல்பாசி. எட்டு வீட்டுக்கும் அந்தப் பாறையில எட்டுப் பங்கு உண்டு, சுண்ணாம்புல கோடு போட்டிருக்கும், அடுத்தவங்க பங்குல கரண்டி வெச்சா ஒரு வாரம் பேச்சுவார்த்தை கிடையாது. ஒன்பதாவது வீடு சவுந்தரியோடது, அவ எங்க பங்குலதான் சுரண்டிக்குவா. அவ புருசன் இருபத்தாறு வருசம் முன்னாடி எட்டாவது வீட்டுக்கும் பாறைக்கும் நடுவுல இருந்த சந்துல மூணு சுவர் வெச்சு மேல தகரம் போட்டான், நாலாவது சுவரா பாறையவே விட்டுட்டான், அப்புறம் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போயி, அங்கயே இன்னொரு நாலு சுவரைப் பாத்துக்கிட்டான். தகரமும் பாறையும் சேர்ற எடத்துல எப்பவும் ஒரு கையகலத்துக்கு வெளிச்சம் வரும், மழையும் வரும், அந்த வெளிச்சத்துல வீட்டுக்குள்ளயும் பாசி படர்ந்திருக்கும். கல்யாணமாகி வந்த புதுசுல வெறகடுப்புப் பொகை பட்டு அந்தப் பாசி கருகறதைப் பாத்துட்டு, சவுந்தரி அடுப்பைத் தூக்கி வெளிய வெச்சவதான். ஆடி மாசத்து மழையில ஒரு கையில கொடை, ஒரு கையில கரண்டின்னு நின்னு சமைப்பா. நாங்க சிரிப்போம். "சுவத்துக்கு இருமல் வருமாக்கும்"னு தெய்வானை கேப்பா. "உங்களுக்கு வந்தா மருந்து இருக்கு அக்கா, அதுக்கு என்ன இருக்கு?"ன்னு அவ திருப்பிக் கேப்பா.

திங்கக்கெழமை காலையில மஸ்டருக்குத் தவளையும் வந்துருச்சு. மஸ்டர்ங்கறது விடிஞ்சதும் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி சூப்பர்வைசர் அந்தோணிசாமி நோட்டை வெச்சுக்கிட்டுப் பேர் கூப்பிடற கூட்டம். எங்க ஊர்ல அதுக்கு ஒரு வழக்கம் உண்டு: கூப்பிட்ட ஆளு வரலைன்னா, காய்ச்சல்ல படுத்திருந்தா, பக்கத்து வீட்டு ஆளு "இருக்கு"ன்னு சொல்லிரணும், சொன்னவங்க அன்னிக்கு அவங்க வேலையையும் சேத்துப் பாத்துரணும், அந்தோணிசாமி தலையைத் தூக்காமலே டிக் போட்டுருவாரு. அன்னிக்கு அவரு நோட்டை மூடப் போறப்ப, "என் பேரை ஏன் கூப்பிடல?"ன்னு கீழ இருந்து ஒரு குரலு.

அந்தோணிசாமி கண்ணாடியை ஏத்திவிட்டுக் குனிஞ்சு பாத்தாரு. "என்ன வேலை தெரியும்?"

"பூச்சி புடிப்பேன்."

"அப்ப மருந்தடிக்கற செக்சன்."

"அங்க போனா செத்துருவேன் சார்."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க"ன்னுட்டு அவரு நோட்டை மூடிட்டாரு.

இப்படித்தான் அதுங்க ரெண்டும் எங்களோட ஒண்ணாச்சு. தவளை நாள் பூராப் பேசும். இலை பறிக்கற எடத்துக்கு வரும், கூடையோட வெளிம்புல உக்காரும், தான் யாருன்னு சொல்லும். தன் பேரு உலகத்துச் சிவப்புப் பட்டியல்ல இருக்கு, அழியற நெலைன்னு எழுதியிருக்கு, தன்னை மாதிரி ஆளுங்க எண்ணி ஒரு எரநூறு பேரு இருப்பாங்க, எஸ்டேட் மேனேஜரு மாதிரி ஆளுங்க எத்தனை கோடி பேருன்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்கன்னு சொல்லும். பாசி அந்தப் பட்டியல்லயே இல்ல, அதை யாரும் இன்னும் எட்டிக்கூடப் பாக்கல, "மதிப்பிடப்படவில்லை"ன்னு எழுதறதுக்குக்கூட யாரும் பேனாவை எடுக்கலைன்னு சொல்லிட்டுத் தொண்டையை உப்பிக்கும். எங்களுக்கு இது பழகின பேச்சுதான், கீழ டவுன்ல எலெக்சன் சமயத்துல இதே தொண்டையை நாங்க நெறைய பாத்திருக்கோம்.

பாசி பேசறது ஞாயிறு பத்து மணிக்கு. ஒரு வார்த்தை. அதைக் கேக்கறதுக்கு எட்டு வீடும் முகம் கழுவிட்டு வந்து நிக்கும், பூசைக்கு நிக்கற மாதிரி இல்ல, பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி. ரெண்டாவது ஞாயிறு "ரெண்டு"ன்னுச்சு. மூணாவது ஞாயிறு "பேரு"ன்னுச்சு. தெய்வானை எங்க வீட்டு வெளிச்சுவத்துல கரிக்கட்டையால எழுதிவெச்சா: நாங்க ரெண்டு பேரு. யாரு அந்த ரெண்டு பேருன்னு அந்த வாரம் பூரா எஸ்டேட்டே பேசுச்சு. "அதுல நான் இல்ல"ன்னு தவளை தானா முன்வந்து சொல்லுச்சு.

பேசற ஒண்ணைச் சுரண்டித் திங்க முடியுமா. யாரும் வேண்டாம்னு சொல்லல, யாரும் கரண்டியையும் எடுக்கல. நாங்க டவுன்ல போயி பாக்கெட்டுல கல்பாசி வாங்கிட்டு வந்தோம், அதைப் பிரிக்கறப்ப தவளை ஜன்னல்ல உக்காந்து, "இவங்க யாரோட சொந்தக்காரங்கன்னு விசாரிச்சீங்களா?"ன்னு கேட்டுச்சு, அதோட பாக்கெட்டும் போச்சு. ஞாயித்துக்கிழமை குழம்பு வெறும் கறி வாசத்தோட எட்டு வீட்டுலயும் கொதிச்சுது. யாரு பேச்சை நம்பறதுன்னு தவளைக் கட்சி, பாசிக் கட்சியா லயம் ரெண்டாச்சு. "தவளை ஒரே ஆளு, தண்ணியில ஒரு வீடு, தரையில ஒரு வீடு வெச்சிருக்கான், நம்ம ஊர்லயும் அப்படி ஒருத்தன் இருந்தான், திருப்பூர் போயிட்டான்"னு தெய்வானை சொல்லுவா, சொல்லிட்டுச் சவுந்தரியைப் பாப்பா, சவுந்தரியும் சிரிச்சுருவா.

நாலாவது ஞாயிறு பாசி "சவுந்தரியோட"ன்னு சொல்லுச்சு.

எல்லாரும் திரும்பி அவளைப் பாத்தோம். "உன் பேரு அதுக்கு எப்படிடி தெரியும்?"ன்னு தெய்வானை கேட்டா.

"இருபத்தாறு வருசமா காலையிலயும் சாயங்காலமும் நீங்க என் பேரைச் சொல்லித் திட்டறது அதுக்குக் காது கேக்காதா அக்கா?"

அந்த வாரம்தான் துரை வந்தாரு. மேனேஜரை நாங்க துரைன்னுதான் சொல்றது. ஜீப்பை விட்டு எறங்காம, ஒரு காலை மட்டும் வெளிய தொங்கப் போட்டுக்கிட்டு, ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவுல ஒரு லாரி போற அளவுக்கு எடம் விட்டுப் பேசுவாரு. "மேல கண்ணாடி பங்களா வருது. டூரிஸ்ட். ரோடு வேணும். பாறை வழியில இருக்கு. பங்குனி முதல் வாரம், வியாழக்கிழமை, வெடி. ஓகே?"

"என் வீடு, துரை?"ன்னு சவுந்தரி கேட்டா.

"எந்த வீடு?"

"பாறையில சாஞ்சிருக்கற வீடு."

அவரு பேப்பரை எடுத்துக் காட்டினாரு. லயத்துல எட்டு வீடுன்னு போட்டிருந்துச்சு. "பாரு. எட்டு. எட்டுக்கும் ஒண்ணும் ஆகாது. ஒன்பதுன்னு ஒண்ணு இருந்தாத்தானே சவுந்தரி, இடியும்." சொல்லிட்டுக் காலை உள்ள இழுத்துக்கிட்டாரு. அவ வாசல்லயே நின்னா. அவ ரேசன் கார்டுலயும் எட்டு, ஓட்டுக் கார்டுலயும் எட்டு, எங்க வீட்டு நம்பரு, அவளுக்குன்னு ஒரு எடம் எந்தப் பேப்பர்லயும் எப்பவும் இருந்ததில்லை. அன்னிக்குச் சாயங்காலம் அவ அடுப்பு பத்த வெக்கல. தெய்வானை ஒரு தட்டுல சோத்தைப் போட்டு மூடி, ஒண்ணும் பேசாம அவ திட்டுல வெச்சுட்டு வந்தா, இருபத்தாறு வருசத்துல ஒண்ணும் பேசாம அவ செஞ்ச ஒரே காரியம் அதுதான்.

அதுக்கப்புறம் பாசி எங்களுக்கு வேடிக்கையா இல்ல. "சேத்து"ன்னுச்சு, எழுதினோம். "மூணு"ன்னுச்சு, எழுதினோம். "பேரு"ன்னுச்சு. எட்டாவது ஞாயிறு "இங்கதான்"னுச்சு. சுவத்துல நின்னுச்சு: நாங்க ரெண்டு பேரு, சவுந்தரியோட சேத்து மூணு பேரு, இங்கதான். அதுக்கு மேல ஒரு வார்த்தைக்கு எடம் விட்டுவெச்சோம். வியாழக்கெழமை வெடி, ஞாயித்துக்கெழமை வார்த்தை, நடுவுல மூணு நாளு இடிக்குது.

மலையில வெடி வெக்கணும்னா அந்தக் கல்லுல உசுருள்ளது என்னென்ன இருக்குன்னு ஒரு ஆபீசர் வந்து பாத்து எழுதிக் குடுக்கணும்னு சட்டம். பொதுவா பாக்காமலே எழுதிக் குடுப்பாங்க. அந்தத் தடவை வந்தவங்க ஜெனிட்டா மேடம்னு ஒருத்தவங்க, கழுத்துல பூதக்கண்ணாடி, கையில ஃபாரம், புதன்கிழமை காலையில ஜீப்புல இருந்து எறங்கினதும் துரை நீட்டின இளநியைக்கூட வாங்காம நேரா பாறைகிட்டப் போயி மூக்கு ஒட்டற மாதிரி நின்னுட்டாங்க. தவளை குதிச்சு ஃபாரம் மேல உக்காந்து, "முதல்ல என்னை எழுதுங்க"ன்னுச்சு. மேடம் ஒரு கண்ணை மட்டும் சுருக்கினாங்க. "பேசறவங்களுக்குத் தனி ஃபாரம் இருக்கு, இருங்க"ன்னு பைக்குள்ள இருந்து வேற ஒண்ணை எடுத்தாங்க.

"என்ன வகை?"

"விலங்கு. முதுகெலும்பு உண்டு. நீர்லயும் நெலத்துலயும் வாழ்ற இனம். வால் இல்ல, சின்ன வயசுல இருந்துச்சு."

"பாதுகாப்பு நெலை?"

"அழியற நெலை"ன்னு சொல்றப்ப தவளை நெஞ்சை நிமித்துச்சு. அழியறதுல அவ்வளவு பெருமை நான் யார்கிட்டயும் பாத்ததில்ல.

துரை உடனே முன்னாடி வந்தாரு. ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா தயாரா வெச்சிருந்தாரு. "இதைக் கீழ ஒரு சென்டருக்கு அனுப்பிரலாம் மேடம். ஏசி. டெய்லி பூச்சி. ராஜா மாதிரி." தவளை டப்பாவைப் பாத்துச்சு. அதுக்குப் புடிச்சிருந்துச்சு, மூஞ்சியிலயே தெரிஞ்சுது.

"ஒரு கட்டம் பாக்கி. வாழிடம். எங்க இருக்கீங்க?"

தவளை வாயைத் தொறந்துச்சு. தொறந்த வாய் அப்படியே நின்னுச்சு. எட்டு வாரத்துல அது பேச்சை நிறுத்தி நாங்க பாத்தது அப்பதான். திரும்பிப் பாறையைப் பாத்துச்சு. கழுகு வந்தா அது ஒளியறது அந்தப் பாசி நிறத்துக்குள்ளதான், வெயிலுக்கு ஈரம் தேடறது அந்தப் பாசிக்கு அடியிலதான், அது திங்கற பூச்சி வளர்றதும் அதுலதான், வாலோட இருந்த காலத்துல வழுக்கி வழுக்கி நீந்தினதும் அந்தப் பாசி தேக்கிவெச்ச ஈரத்துலதான். அடங்கின குரல்ல, "இது மேல"ன்னுச்சு.

மேடம் பாசிகிட்டத் திரும்பினாங்க. "இது ஒரு ஆளு இல்ல. காளான் ஒண்ணு, பச்சைப்பாசி ஒண்ணு, ரெண்டும் ஒரே குடும்பமா இருக்கு. காளான் வீடு கட்டும், பாசி வெயில்ல சமைக்கும். தனித்தனியா பிரிச்சா ரெண்டும் இந்தக் கல்லுல ஒரு நாள் தாங்காது. செடிங்கற கட்டத்துலயும் போட முடியாது, விலங்குங்கற கட்டத்துலயும் போட முடியாது." அப்புறம் எங்க சுவத்துல கரியில எழுதியிருந்ததைப் படிச்சாங்க. "மிச்சம்?"

"ஞாயிறு பத்து மணிக்கு வரும்"னு சவுந்தரி சொன்னா.

துரை வாட்ச்சைப் பாத்தாரு. "மேடம், நாளைக்கு வெடி. இதைச் சுரண்டி ஒரு கவர்ல போட்டு வேற கல்லுல ஒட்டிரலாமே?"

"சுரண்டினா செத்துரும் சார்."

எட்டு வீட்டுப் பொம்பளைங்களும் தரையைப் பாத்தாங்க. தெய்வானைதான் தைரியமா, "மேடம், நாங்க வாரா வாரம், கொஞ்சமா, குழம்புக்கு..."ன்னு இழுத்தா. மேடம் பேனாவை மூடிட்டு, "நானும் பிரியாணிக்குப் போடுவேன்"னாங்க. அப்புறம் சொன்னாங்க: "பாதி வாக்குமூலத்தை எழுத எனக்கு அனுமதி இல்ல. ஞாயிறு வரைக்கும் சும்மா காத்திருக்கவும் அனுமதி இல்ல. இன்னொரு சாட்சி பேசிக்கிட்டிருந்தா மட்டும்தான் ஃபாரத்தை மூடக்கூடாது. இந்தத் தவளை முடிச்சாச்சு, அதனால..."

"நான் முடிக்கல"ன்னுச்சு தவளை.

டப்பா மூடி மேல ஏறி உக்காந்துச்சு. "வகையைப் பத்தி மேலோட்டமாத்தான் சொன்னேன். முதுகெலும்பு உண்டுன்னு சொன்னேன், இல்லாதவங்க யாரு யாருன்னு சொல்லல, நாளைக்கு ஒரு குழப்பம் வரக்கூடாது பாருங்க, எழுதிக்குங்க: மண்புழு. அட்டை. நத்தை. ஓடு இல்லாத நத்தை. தும்பி..."

சாயங்காலம் ஆறு மணிக்கு அது வண்டு வகையிலயே நின்னுச்சு. வியாழக்கிழமை வெடி வெக்கற ஆளுங்க வந்து, வண்டியை நிறுத்திட்டு, அவங்களும் உக்காந்து கேட்டாங்க. அன்னிக்குத் தவளை தன் வம்சத்தை ஆரம்பிச்சுது, அம்மா, அம்மாவோட அம்மா, எந்தெந்த மழைக்கு யாரு பொறந்தாங்க, யாரைப் பாம்பு தின்னுச்சு, தின்ன பாம்போட கொணம் என்னன்னு. பங்குனி வெயிலு. அந்த மாசத்துல அது வெளிய தலைகாட்டற ஆளே இல்ல, இடுக்குக்குள்ள ஈரத்துல சுருண்டு கெடக்க வேண்டியது. தோலு காய ஆரம்பிச்சுது. நாங்க மொறை வெச்சுக்கிட்டோம், பாறையில எப்படிப் பங்கு பிரிச்சிருந்தமோ அதே வரிசையில, வீட்டுக்கு ஒரு மணி நேரம், கையில தண்ணியை அள்ளி அதுமேல தெளிச்சோம். கட்சியெல்லாம் எப்பப் போச்சுன்னு யாருக்கும் ஞாபகமில்ல. வெள்ளிக்கிழமை அது, வாழ்நாள்ல தான் உக்காந்த கல்லு ஒவ்வொண்ணையும் சொல்லுச்சு. துரை ஜீப்புலயே சாப்பிட்டாரு. மேடம் ஒரு வார்த்தை விடாம எழுதினாங்க, மூணு நோட்டு தீந்து அந்தோணிசாமியோட மஸ்டர் நோட்டுல பின்பக்கம் எழுத ஆரம்பிச்சாங்க. சனிக்கிழமை சாயங்காலம், பொழுது எறங்கற நேரத்துல, பேச்சுக்கு நடுவுல தவளையோட தொண்டை உப்புச்சு, காத்து மட்டும் வந்துச்சு. மேடம் அன்னிக்கு எழுதறதை அதோட நிறுத்திட்டு, காலையில எட்டு மணிக்குத் தொடரலாம்னாங்க.

ஞாயிறு எட்டு மணிக்குத் தவளை ஈரத்துணி மேல உக்காந்திருந்துச்சு. வாய் அசைஞ்சுது. சத்தம் இல்ல.

"சாட்சி பேசல"ன்னாரு துரை. மேடம் பேனாவை மூடினாங்க. சவுந்தரி பாறையில கையை வெச்சுக்கிட்டு நின்னா. இன்னும் ரெண்டு மணி நேரம் பாக்கி.

அப்பதான் அந்தோணிசாமி, முப்பது வருசத்துப் பழக்கம், கண்ணாடியை ஏத்திவிட்டுட்டுக் கூப்பிட்டாரு: "தவளை."

தெய்வானை முன்னாடி வந்து, "இருக்கு"ன்னா.

"என்ன இது?"ன்னாரு துரை.

"இங்க அப்படித்தான் துரை. ஒருத்தருக்கு முடியலைன்னா பக்கத்து ஆளு சொல்லிட்டு வேலையையும் பாத்துரணும்"னாரு அந்தோணிசாமி.

"அப்படின்னா இத்தனை வருசமா மஸ்டர்ல..."

"அதைத் திங்கக்கிழமை பேசிக்கலாம் துரை."

மேடம் தவளையைப் பாத்தாங்க. தவளை தலையை ஆட்டுச்சு. "வாழிடம் பத்தின சாட்சிதானே, அக்கம்பக்கத்துல சொல்லலாம், விதியில எடமிருக்கு"ன்னுட்டு மேடம் பேனாவைத் தொறந்தாங்க. தெய்வானை ஆரம்பிச்சா. இந்தத் தவளை எங்க வீட்டு அரிசிப் பானைக்குப் பின்னாடி ஆறு தடவை இருந்திருக்கு, நான் வெளக்குமாத்தால தள்ளியிருக்கேன், தப்புதான். ரெண்டாவது வீட்டுக்காரரு, என் பூட்ஸுக்குள்ள இருந்துச்சுன்னாரு, எடது கால் பூட்ஸு. என் கம்பளிக்குள்ள. சாமி விளக்குக்குக் கீழ. பொண்ணு பாக்க வந்தப்ப மாப்பிள்ளையோட காப்பியில. வெடி வெக்க வந்தவங்கள்ல ஒருத்தன் எந்திரிச்சு, "நேத்து என் தொப்பியில இருந்துச்சு மேடம், எழுதிக்குங்க"ன்னான். ஒவ்வொருத்தரும் சொல்ல ஆரம்பிச்சப்ப ஒரு விசயம் எங்களுக்கே அப்பதான் தெரிஞ்சுது, நாங்க எங்க ஆரம்பிச்சிருந்தாலும், அது கடைசியா எங்க திரும்பிப் போச்சுன்னு சொல்றப்ப, எல்லாருமே ஒரே எடத்தைத்தான் சொன்னோம், சவுந்தரி வீட்டுச் சுவருன்னு. மேடம் ஒவ்வொரு தடவையும் அதை எழுதினாங்க. முப்பத்தி ஒரு தடவை.

பத்து மணிக்குத் தானா அமைதியாச்சு.

பாசி சொல்லுச்சு: "இருக்கோம்."

தெய்வானை கரிக்கட்டையை எடுத்து விட்டுவெச்சிருந்த எடத்துல அதை எழுதினா, எழுத்து கோணலா விழுந்துச்சு, யாரும் கேலி பண்ணல. மேடம் முழுசா படிச்சுக் காட்டினாங்க: நாங்க ரெண்டு பேரு, சவுந்தரியோட சேத்து மூணு பேரு, இங்கதான் இருக்கோம். "மூணாவது ஆளு யாரு?" சவுந்தரி முன்னாடி வந்தா. "நீங்க என்ன பண்றீங்க? ஒண்ணு கட்டுது, ஒண்ணு சமைக்குது."

"நான் பொகை வராமப் பாத்துக்கறேன்"னா சவுந்தரி.

மேடம் அதையும் எழுதினாங்க. வாழிடம்ங்கற கட்டத்துல, பாறை, அதை ஒட்டின வீடு, நம்பர் ஒன்பதுன்னு கொட்டை எழுத்துல எழுதி, சீல் வெச்சாங்க. அந்தச் சீலு விழுந்த சத்தம் அந்தக் கடைசியில இருக்கற மொதல் வீட்டு ஓடு வரைக்கும் கேட்டுச்சு.

துரை கடைசியா ஒரு வழி வெச்சிருந்தாரு. நிதானமா, வார்த்தைக்கு வார்த்தை லாரிக்கு எடம் விட்டு, "பாதுகாப்பு. நெலை. அந்தக் கட்டம். காலி"ன்னாரு.

"ஆமா சார், மதிப்பிடப்படல."

"அப்ப இதுக்குப் பாதுகாப்பு கிடையாது."

"கிடையாது. அதே மாதிரி, மதிப்பிடாத ஒண்ணை அழிக்கறதுக்கு அனுமதியும் கிடையாது. மொதல்ல மதிப்பிடணும். பேசற உசுருன்னா அதுகிட்டயே கேட்டு எழுதணும்." மேடம் பையில இருந்து தடியா ஒரு கட்டு ஃபாரத்தை எடுத்து மடியில வெச்சாங்க. "முன்னூத்தி பன்னெண்டு கேள்வி."

அந்தோணிசாமிக்குக் கணக்கு வரும். ஒரு பதிலுக்கு ஒன்பது வார்த்தைன்னு வெச்சாலும், வாரத்துக்கு ஒரு வார்த்தைன்னு அவரு மஸ்டர் நோட்டுல போட்டுப் பாத்தாரு, திரும்பவும் போட்டுப் பாத்தாரு, அப்புறம் கண்ணாடியைக் கழட்டிட்டுச் சொன்னாரு: "அம்பத்தி நாலு வருசம்."

மொதல்ல சிரிச்சது வெடி வெக்கறவங்க. அப்புறம் லயமே சிரிச்சுது, சத்தமில்லாத தவளையும் வாயைத் தொறந்து தொண்டையை உப்பிச் சிரிச்சுது, தெய்வானை சிரிச்சுக்கிட்டே அழுது முந்தானையால மூக்கைத் தொடச்சா. துரை காலை ஜீப்புக்குள்ள இழுத்துக்கிட்டாரு.

சவுந்தரி மட்டும் விரல் விட்டு எண்ணிக்கிட்டிருந்தா. "எனக்கு இப்ப நாப்பத்தாறு. அப்ப நூறு ஆயிருக்கும். அதுக்கப்புறம் வேணா வந்து ஒடைச்சுக்குங்க துரை, நான் ஒண்ணும் சொல்லல."

ஜீப்பு போச்சு. மேடம் சவுந்தரி வீட்டுக்குள்ள போயி, கையகல வெளிச்சத்துக்குக் கீழ ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காந்தாங்க, பேனாவை ஒதறிக்கிட்டு, பாறையைப் பாத்து, முதல் கேள்வியைக் கேட்டாங்க.

"பேரு என்ன?"

பாசி யோசிக்க ஆரம்பிச்சுது.